உம்மாவின் கையும் நான் வாசிக்காத வரிகளும்

என் உம்மா கிள்ளினால் அந்தத் தடம் நாலு நாளைக்கு நிற்கும். எங்கள் சந்தில் மற்றப் பிள்ளைகள் அடி வாங்கி வளர்ந்தார்கள், நான் கிள்ளு வாங்கி வளர்ந்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருகிற நுனியில் அவளுக்கு அப்படி ஒரு பிடி இருந்தது. அது வேலையில் வந்த பிடி. தாராவியில் தோல் பர்ஸ் செய்கிற ஒரு கார்கானாப் பட்டறையில் இருபது வருடமாக ஓரம் மடிக்கிறவள் அவள். தோலின் ஓரத்தில் பசை தடவி, ஒரு நெல் அகலத்துக்கு உள்ளே மடித்து, இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். பிறகு சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். நேர் ஓரத்தை யாரும் மடித்துவிடலாம். மூலைதான் கஷ்டம். அங்கே தோல் குவிந்து நிற்கும். அதை நகத்தால் சிறு சிறு சுருக்கமாகச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அமுக்க வேண்டும். உம்மா மடித்த மூலையைத் தடவிப் பார்த்தால் கையில் ஒன்றும் தட்டாது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். வாப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரும். உம்மாவுக்கு அதுவும் வராது. நான் ஏழாவது வரை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். அதற்கப்புறம் இங்கிலீஷ் மீடியம், அதற்கப்புறம் மாட்டுங்காவில் காமர்ஸ் காலேஜ். சந்தில் யார் வீட்டுக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். சர்வே நோட்டீஸ், பள்ளிக்கூடத்துச் சீட்டு, மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதம் எல்லாமே. நான் அதை வாசலில் நின்று சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது உம்மா வைத்த வழக்கம்.

"உள்ள ஒரே இருட்டு. வெளிய நின்னு வாசிளா" என்பாள்.

இருட்டு காரணமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நான் வாசிக்கும்போது உம்மா என்னைப் பார்க்க மாட்டாள், கேட்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பாள். எனக்கும் அது பிடித்திருந்தது. என் இங்கிலீஷ் பாதி ஊகம் என்பது எனக்கு மட்டும் தெரியும். தெரியாத சொல் வந்தால் நிற்க மாட்டேன், முன்னும் பின்னும் பார்த்து ஒரு அர்த்தம் கொடுத்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

நான் காலேஜில் இரண்டாம் வருடம் படித்த மழைக்காலத்தில் உம்மா விழுந்தாள்.

எங்கள் வீடு கீழே ஒரு அறை, மேலே ஒரு மாலா. மாலா என்பது குனிந்து நிற்கிற உயரத்தில் ஒரு பலகைத் தளம். அதற்கு ஏறச் சந்துப் பக்கம் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி உண்டு. உம்மா ஒரு கையில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு, ஒரு கையால் ஏணியைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தாள். கம்பி நனைந்திருந்தது. கீழிருந்து மூன்றாவது படியில் கால் வழுக்க, கையை முன்னால் ஊன்றி விழுந்தாள். நான் போய்த் தூக்கியபோது வலது மணிக்கட்டு குழம்புக் கரண்டியைப் போல வளைந்திருந்தது. துணி சேற்றில் விழுந்துவிட்டதே என்றுதான் அவள் முதலில் சொன்னாள்.

மாநகராட்சி ஆஸ்பத்திரியில் கையை இழுத்து நேராக்கி, முழங்கைக்குக் கீழிருந்து உள்ளங்கை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். விரல்கள் மட்டும் வெளியே நின்றன. டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இந்த உயரத்திலிருந்து விழுந்ததற்கு எலும்பு இப்படி நொறுங்கக் கூடாது, எலும்பு மெலிந்துவருகிறது, இந்த வயதுப் பெண்களுக்கு இப்படி ஆகும் என்று இந்தியில் சொன்னார். சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதினார். ஆறு வாரம் கட்டு இருக்க வேண்டும் என்றார். பின்னால் வரிசை சுவரைத் தாண்டி வராந்தா வரை நின்றது. சீட்டை என் கையில் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சந்தே வாசலில் நின்றது. உம்மாவைத் திண்டில் சாய்த்து உட்கார வைத்தார்கள். வலியில் முகம் வெளுத்திருந்தாலும் அவள் விடவில்லை.

"சீட்ட வாசிளா. எல்லாருக்கும் கேக்கட்டும்."

வாசித்தேன். மேலே அச்சடித்த வரிகள் சுலபமாக இருந்தன. கட்டு நனையக் கூடாது, கையை உயர்த்தி வைக்க வேண்டும், விரல் நீலமானால் உடனே வர வேண்டும். அதற்குக் கீழே பேனாவால் மூன்று வரிகள் எழுதியிருந்தன. கோடுகள், ஓர் அம்புக்குறி, ஓர் எண், மறுபடியும் கோடுகள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

என் குரல் நின்றது. எதிர் வீட்டுச் சாச்சி அதைக் கவனித்துவிட்டாள். என் வயதில் அவளுக்கு ஒரு மகள் உண்டு. முதல் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் மீடியம்.

"வெளங்கலையா? குடு, எம்மவட்ட காட்டிட்டு வாரேன்" என்று கையை நீட்டினாள்.

சாச்சி நல்ல மனதோடுதான் கேட்டாள். ஆனால் உம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் வாசிக்கும்போது அவள் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் சீட்டை இரண்டாக மடித்தேன்.

"இதுல என்ன இருக்கு சாச்சி? கை அசையக் கூடாதுன்னு போட்டிருக்கு. அவ்வளவுதான்."

யாரும் சந்தேகப்படவில்லை. உடைந்த எலும்பு அசையக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று சாயங்காலம் மாலாவில் உட்கார்ந்து அந்த வரிகளைப் போனில் படம் எடுத்து, வாசித்துச் சொல்கிற ஆப்பில் போட்டுப் பார்த்தேன். அது தந்த பதில் எந்த மொழியிலும் இல்லை. சீட்டை என் காலேஜ் பைக்குள் வைத்துவிட்டேன்.

எங்கள் ஆட்கள் ஒன்றை நம்பிவிட்டால் அதை முழுதாகச் செய்வார்கள். உம்மாவின் கையைத் துப்பட்டாவில் தூளி போலக் கட்டிக் கழுத்தில் மாட்டினோம். இரண்டாம் நாள் சாச்சி ஒரு பழைய பருத்தித் துணியில் சின்னப் பை தைத்துக்கொண்டு வந்தாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களை அதற்குள் விட்டு நாடாவால் கட்டினாள்.

"தூக்கத்துல தன்னால அசைஞ்சிருச்சுன்னா? அதான்" என்றாள்.

உம்மா அசைக்கவே இல்லை. கொசு கடித்தால் இடது கையால் விரட்டுவாள். தண்ணீர் லாரி வந்து சந்தே குடத்தோடு ஓடும்போதும் இருந்த இடத்தில் அப்படியே இருப்பாள். தோளைக்கூட உயர்த்த மாட்டாள். தேவ்நாரில் ஒரு குடோனில் வேலை பார்க்கிற வாப்பா, வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு அவளுக்குச் சோறு ஊட்டுவார்.

"கல்யாணமாயி இருவத்திமூணு வருசம் ஆச்சு. இப்பத்தான் ஒனக்கு ஊட்டுதேன்."

"வாய அசைக்கலாம்னு சீட்டுல போட்டிருக்கா? ஒங்க மவட்ட கேட்டுட்டு ஊட்டுங்க."

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பத்தாம் நாள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பு நேராக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே போவதற்கு முன் துணிப்பையை அவிழ்த்துவிட்டிருந்தோம். யாரும் விரலைப் பற்றிக் கேட்கவில்லை. சீட்டு என் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டி இது என்ன என்று கேட்க அரை நிமிடம் போதும். நான் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கட்டை வெட்டி எடுத்தார்கள். உள்ளே இருந்த கை உம்மாவுடையது மாதிரி இல்லை. தோல் செதில் செதிலாக உரிந்தது. முன்கை மெலிந்து குச்சியாகியிருந்தது. விரல்கள் மட்டும் பளபளவென்று வீங்கி, லேசாக வளைந்த நிலையிலேயே நின்றன.

"கைய மூடுங்க" என்றார் டாக்டர்.

உம்மா முயன்றாள். நெற்றியில் வேர்த்தது, உதட்டைக் கடித்தாள், தோள் மேலே ஏறியது. விரல்கள் அசையவே இல்லை. அவர் ஒரு பச்சைச் சீட்டு எழுதிப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்.

அது கையும் காலும் பழக்குகிற இடம். நீளமான கூடம். சுவரோரம் முழங்கால் தேய்ந்தவர்கள் காலில் மணல்பை கட்டி உயர்த்திக்கொண்டிருந்தார்கள். கழுத்து எலும்பு தேய்ந்த ஒருவர் தாடையில் வாரைக் கட்டித் தொங்குவதுபோல உட்கார்ந்திருந்தார். அங்கே பயிற்சி கொடுக்கிற மேடத்துக்கு நாற்பது வயதிருக்கும். செம்பூரிலிருந்து வருகிறவர். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்.

"வாங்கோ, உக்காருங்கோ. எங்கே, கையைக் காட்டுங்கோ." விரல் ஒவ்வொன்றையும் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்தார். "ஏம்மா, கட்டு இருந்தப்போ விரலை ஆட்டிண்டே இருந்தேளா?"

உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இல்ல மேடம். கொஞ்சம்கூட அசைக்கல்ல. அல்லா மேல ஆணையா ஒரு நாள்கூட அசைக்கல்ல. எம்மவ சீட்ட வாசிச்சுச் சொல்லிட்டா. காலேஜுல படிக்கா."

மேடம் என்னிடம் சீட்டைக் கேட்டார். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த அதைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கீழ் வரிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சீட்டை நான் மடித்திருந்தபடியே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, இனிமே ஆட்டலாம். எலும்பு சேர்ந்தாச்சு. மூட்டுதான் இறுகிப் போயிடுத்து. ரெண்டு மாசம், மூணு மாசம் விடாம செஞ்சா மடங்கும். விட்டுட்டா அப்படியே நின்னுடும். நாள் போகப் போகக் கஷ்டம்."

வெந்நீருக்குள் கையை விட்டு மணிக்கு ஒரு தடவை விரலை மடக்கி நீட்ட வேண்டும். இடது கையால் வலது கை விரல்களை அமுக்கி மடக்க வேண்டும். கோதுமை மாவைப் பிசைய வேண்டும். கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும், ஏனென்றால் தோளும் இறுகியிருந்தது. எல்லாவற்றையும் செய்து காட்டினார். உம்மா தலையாட்டினாள்.

பஸ்ஸில் வரும்போது, "அவிய பேசுத தமிழு டிவில பேசுத மாதிரி இருக்கு, என்ன?" என்றாள். பிறகு துப்பட்டாத் தூளியை எடுத்து மறுபடியும் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் அவள் ஒன்றும் செய்யவில்லை. நான் வெந்நீர் வைத்தால் கையை நனைத்துவிட்டு எடுத்துவிடுவாள். மாவைப் பிசையச் சொன்னால் இடது கையால் பிசைவாள். விரலைப் பிடித்து மடக்கப் போனால் கையை உருவிக்கொள்வாள். இப்படி ஒரு வாரம் போனது.

கார்கானா முதலாளி ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான்.

"ஒங்க எடத்துல இப்ப ஒரு புள்ளய ஒக்கார வச்சிருக்கேன் லாத்தா. நேர் ஓரம் மடிச்சிருதா. மூலைதான் ஒரே மேடா இருக்கு. குளிர்கால ஆர்டருக்குள்ள வந்துருவியள்லா?"

உம்மா கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டு, "இன்ஷா அல்லா" என்றாள்.

அவர் போன பிறகு நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஒனக்குப் போக ஆசை இல்லையா உம்மா? பின்ன ஏன் செய்ய மாட்டேங்க?"

"ஆசை இல்லாமலா? இந்தக் கைதானளா எனக்கு இருக்கது." கண் கலங்கினாலும் குரல் உறுதியாகத்தான் இருந்தது. "ஆனா மடக்குனா சுருக்குன்னு வலிக்குது. மறுபடி ஒடைஞ்சு போச்சுன்னா? அந்த மேடம் வாயால சொல்லுதாவ. அசையக் கூடாதுன்னு எழுத்துல இருந்துச்சுன்னு நீதான வாசிச்ச. வாயால சொல்லுதத நாளைக்கு இல்லன்னுருவாவ. எழுத்து மாறுமா?"

எழுத்துத் தெரியாதவர்கள் எழுத்தை எவ்வளவு நம்புவார்கள் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். நான் போட்ட கட்டு அவள் கையில் அப்படியே இருந்தது. அதை அவிழ்க்க என்னைவிட்டால் ஆளில்லை.

அடுத்த நாள் காலேஜிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக் கூடத்துக்குப் போனேன். சீட்டை நீட்டி, இதை எனக்கு வாசித்துக் காட்டுங்கள் என்றேன். மேடம் வாசித்தார். மணிக்கு ஒரு தடவை எல்லா விரலையும் மூடித் திறக்கணும், பத்துத் தரம். முழங்கையை மடக்கி நீட்டணும். தோளைத் தினமும் மூணு வேளை தலைக்கு மேலே தூக்கணும். ஒவ்வொரு வரிக்கும் கீழே நான் தமிழில் எழுதிக்கொண்டேன்.

"புரியலைன்னா அன்னிக்கே கேட்டிருக்கப்படாதோ?"

"கேட்டிருக்கலாம் மேடம்."

அவர் சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "எனக்கும் இந்தக் கையெழுத்து புரியாது. என்ன எழுதியிருப்பார்னு தெரியறதால வாசிக்கறேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் சந்தில் எல்லோரும் இருப்பார்கள். அரிசி புடைப்பதும் துணி அலசுவதும் பேச்சுமாக இருந்தது. நான் வாசலில் வந்து நின்றேன். என் கையில் காகிதத்தைப் பார்த்ததும் சாச்சி, "யாருக்கு வந்திருக்கு?" என்றாள்.

"யாருக்கும் வரல்ல சாச்சி. பழைய சீட்டுத்தான். உம்மாவோட ஆஸ்பத்திரிச் சீட்டு. அன்னைக்கு நான் முழுசா வாசிக்கல்ல."

உம்மா உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். நான் வாசித்தேன். அச்சடித்த வரிகளை வாசித்துவிட்டு, கீழே இருந்த மூன்று வரிகளையும் நான் எழுதியிருந்த தமிழில் வாசித்தேன். பிறகு சொன்னேன். "அன்னைக்கு இந்த மூணு வரியும் எனக்கு வெளங்கல்ல. வெளங்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அசையக் கூடாதுன்னு நானாத்தான் சொன்னேன். எழுத்துல அப்பிடி இல்ல. அசைக்கணும்னுதான் இருந்துச்சு."

சாச்சி முறத்தைக் கீழே வைத்தாள். அவள் தைத்த துணிப்பை அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

"அடியே, அப்ப எங்க வீட்டுக்கு வந்த சர்வே நோட்டீஸு? அதையும் பாதி வாசிச்சு மடிச்சியா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உம்மா சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அத்தன பேரு முன்னால வெளங்கலன்னு சொல்லிருந்தா ஒனக்கு என்னளா கொறஞ்சிரும்? எங்கைய விட ஒன் வெக்கம் பெருசா?"

கேட்டுக்கொண்டே வலது கையை நீட்டி என் முழங்கைக்கு மேலே பிடித்தாள். கிள்ளத்தான் வந்தாள். கட்டைவிரல் வந்து என் தோலில் பட்டது. ஆள்காட்டி விரல் எதிரே வராமல் பாதியில் நின்றது. மறுபடி முயன்றாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. சின்ன வயதில் அந்தப் பிடியிலிருந்து தப்பிக்க மாலா ஏணியில் ஏறி ஓடியிருக்கிறேன். அன்று நான் கையை அவளிடம் கொடுத்துவிட்டு அசையாமல் நின்றேன்.

உம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்தில் இருந்த துப்பட்டாத் தூளியை இடது கையால் உருவி என் தோளில் எறிந்தாள்.

"வென்னி போடு" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. மணிக்கு ஒரு தடவை "வென்னி" என்று மட்டும் சொல்வாள். நான் காலேஜ் போன நேரத்தில் சாச்சி வெந்நீர் வைத்தாள். துணிப்பை தைத்த பாவத்துக்கு இது என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

விரல் எவ்வளவு மடங்குகிறது என்பதை ஆஸ்பத்திரியில் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். வீட்டில் உம்மா வேறு அளவு வைத்திருந்தாள். முதலில் தண்ணீர்ச் செம்பின் கழுத்து. அதைச் சுற்றி விரல் பிடிக்க இரண்டு வாரம் ஆனது. பிறகு டம்ளர், பிறகு சப்பாத்திக் கட்டை, பிறகு அதன் கைப்பிடி. வலிக்கும்போது அவள் பாட்டுக்கு வைவாள். ஏணியை, மழையை, டாக்டரின் பேனாவை, என்னை. வைதுகொண்டே மடக்குவாள். மாவு பிசைந்து பிசைந்து வாப்பாவுக்குத் தினமும் சப்பாத்திதான்.

"சோறுன்னு ஒண்ணு இருக்கது ஞாபகம் இருக்கா?" என்றார் ஒரு நாள்.

"எங்கை நல்லாவுத வரைக்கும் சப்பாத்திதான். வேணும்னா மறுபடி கட்டுப் போட்டுக்கிடுதேன், ஊட்டுங்க."

அவர் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

எல்லாம் நேராக ஏறிப் போகவில்லை. நடுவில் ஒரு வாரம் விரல் மறுபடி வீங்கி, முன்னே மடங்கினது கூட மடங்காமல் போனது. உம்மா செம்பைத் தூக்கி மூலையில் எறிந்தாள். கூடத்தில் மேடம் கையை இளஞ்சூட்டில் உருக்கிய மெழுகில் முக்கி வைத்துவிட்டு, ரொம்ப அமுக்கிட்டேள், கோபத்தில் செய்யப்படாது என்றார். பக்கத்தில் முழங்கால் தேய்ந்து வந்திருந்த ஒரு மராத்தி அம்மாள், தன் காலைக் காட்டி, இதைவிடவா என்பதுபோல உம்மாவிடம் ஏதோ சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் இடம் பிடித்து வைத்தார்கள். உம்மாவுக்கு மராத்தி வராது, அவளுக்குத் தமிழ் வராது. இந்தியில் இரண்டு பேரும் சமமாகத் தப்புச் செய்து மணிக்கணக்காகப் பேசினார்கள்.

குளிர்கால ஆர்டர் தொடங்கியபோது சுத்தியல் பிடி உம்மாவின் கைக்குள் வந்துவிட்டது. கார்கானாவுக்குப் போனாள். உம்மாவின் ஜன்னலோரத்து இடத்தில் முதலாளி சொன்ன அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். உம்மா அவளை எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் பசை தடவினாள், சுத்தியலால் தட்டினாள். மூலையைத் தொடவில்லை. பெரிய பிடி வந்துவிட்டது, நுனிப் பிடிதான் இன்னும் வரவில்லை. மூலைக்கு அதுதான் வேண்டும். வீட்டில் ஒரு தட்டில் கடுகைக் கொட்டி, இரண்டு விரலால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுப் பழகினாள். கடுகு சிதறி வீடெல்லாம் உருளும். நாங்கள் சமையலில் கடுகு தாளிப்பதையே விட்டுவிட்டோம்.

இப்போது நான் செம்பூரில் ஒரு சின்ன எலும்பு முறிவு கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு சீட்டையும் கையில் வாங்கியதும் டாக்டரின் அறைக்குள் போய், "சார், இந்த வரி?" என்று கேட்பேன். ஆரம்பத்தில் எரிச்சல்பட்டார். இப்போது என்னைக் கண்டாலே தானாகச் சொல்லிவிடுகிறார். வருகிறவர்களுக்கு என்ன மொழி வாசிக்க வருமோ அதில் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். வாசிக்க வராதவர்களை உட்கார வைத்து என் கையால் செய்து காட்டுகிறேன். உம்மாவுக்குச் சுண்டு விரல் இன்றும் முழுதாக மடங்காது. குளிர் வந்தால் மணிக்கட்டு வலிக்கும். மாத்திரை போடுகிறாள், காலையில் மாலாவின் கூரை மேல் கையை நீட்டி வெயிலில் உட்காருகிறாள். அதே ஏணியில்தான் ஏறுகிறாள். கம்பியில் வாப்பா பழைய டயர் ரப்பரைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்.

ஆனால் கை குணமாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்த நாளைத்தான் சொல்ல வந்தேன். அது இந்த வேலைக்கெல்லாம் முன்னால், அந்தக் குளிர்காலம் முடியும்போது. சந்தில் யார் வீட்டுக்கோ மாநகராட்சியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒருவரும் என்னிடம் காகிதம் கொண்டுவரவில்லை. சாச்சியின் மகளிடம்தான் போனார்கள். இந்தக் காகிதத்தை உம்மாதான் கேட்டு வாங்கிவந்தாள்.

"வெளிய நின்னு வாசிளா. உள்ள இருட்டு."

வாசலில் நின்று வாசித்தேன். பாதியில் ஒரு சொல் வந்தது. சட்டத்தில் வருகிற மாதிரி நீளமான சொல். ஒரு மூச்சு நின்றிருப்பேன், அதற்கு மேல் இல்லை. பழைய வழக்கம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தாண்டிப் போக வாயைத் திறந்தேன்.

முழங்கைக்கு மேலே சுரீரென்றது. இரண்டு விரல் நுனியும் நேருக்கு நேர் சந்தித்து, தோலைப் பிடித்து, ஒரு திருகும் திருகிவிட்டுத்தான் விட்டன. நான் கத்திவிட்டேன்.

"நின்ன எடத்துல என்ன இருக்கு?" என்றாள் உம்மா பின்னாலிருந்து.

"தெரியல்ல. நாளைக்குக் கேட்டுட்டு வந்து சொல்லுதேன்."

"அப்பிடிச் சொல்லு" என்றாள். பிறகு சாச்சி பக்கம் திரும்பி, நான் வாசிக்கும்போதெல்லாம் பார்ப்பாளே, அதே மாதிரி அவள் முகத்தைப் பார்த்தாள். "பாத்தியா? நாளைக்குக் கேட்டுட்டு வருவா."

எனக்கு அந்தச் சொல்கூட மறந்துவிட்டது. நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நகத் தடங்களும் எதிரெதிரே பதிந்து சிவந்திருந்தன. உம்மாவும் அதைப் பார்த்தாள். தன் விரல்களை ஒரு முறை சேர்த்துப் பார்த்துக்கொண்டு, துப்பட்டாவைச் சரிசெய்தபடி கார்கானாவுக்குக் கிளம்பினாள். அன்று சாயங்காலம் அவள் மடித்த ஒரு பர்ஸை முதலாளி அவளிடமே கொடுத்தனுப்பியிருந்தார். நாலு மூலையையும் தடவிப் பார்த்தேன். மூன்றில் ஒன்றும் தட்டவில்லை. நாலாவதில் மட்டும் மெல்லிசாக ஒரு மேடு இருந்தது.

"அது நாளைக்குச் சரியாயிரும்" என்றாள் உம்மா.

தடம் நாலு நாள் நின்றது. காலேஜில் கேட்டவர்களிடம் உம்மா கிள்ளியது என்று சொன்னேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார்கள்.